'ஒன்' வைப்பதா, விடுவதா? ஆங்கில முன்னிடைச்சொல் தடுமாறும்போது அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

திருகோணமலையில் பின்னேரங்களில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வேலை செய்கிற தம்பிமார் வருவார்கள். கந்தோரில் கடிதம் எழுத வேண்டிய அக்காமாரும் வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போடுகிறவர்களும் வருவார்கள். ஆட்கள் மாறினாலும் கொப்பியில் சிவப்பு மை விழும் இடம் மாறுவதில்லை. 'இன்' (in), 'ஒன்' (on), 'அட்' (at), 'டு' (to), 'ஃபோர்' (for) என்று நாம் பிரிபொசிஷன், தமிழில் முன்னிடைச்சொல், என்று சொல்லும் அந்தச் சின்னச் சொற்கள்தான் அந்த இடம்.

"ரீச்சர், இதில 'ஒன்' வேணுமா, வேண்டாமா?" என்று கேட்பார்கள். பதில் மூன்று வகை: கட்டாயம் வேண்டும், வரவே கூடாது, இரண்டும் சரி. மூன்றாவது வகை இருப்பதையே பலருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் சரியாக எழுதியதையும் அழித்துவிட்டுப் பிழையாக எழுதுகிறார்கள். அடிக்கடி திருத்திப் பழகிய ஒழுங்கில் கீழே தருகிறேன். உங்கள் வாக்கியத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ, நேரே அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

எல்லா அறிகுறிக்கும் முதல் சோதனை

வாக்கியத்தைத் தமிழில் நினைத்து, '-க்கு' வந்த இடத்தில் 'டு', '-இல்' வந்த இடத்தில் 'இன்' என்று மாற்றினீர்களா? அப்படியானால் பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தமிழிலும் நாம் உருபை விடுவதுண்டு. 'கொழும்பு போனேன்', 'பால் குடித்தேன்' என்கிறோம். பள்ளிக்கூடத்தில் வேற்றுமைத்தொகை என்று படித்தது இதுதான். ஆங்கிலத்திலும் விடுகிற இடங்கள் உண்டு, ஆனால் அவை வேறு இடங்கள். 'கொழும்பு போனேன்' தமிழில் சரி. 'ஐ வென்ட் கொலம்போ' ஆங்கிலத்தில் பிழை, 'டு' இல்லாமல் அது நிற்காது.

ஆகவே தமிழ் உருபைப் பார்க்காமல் பக்கத்து ஆங்கிலச் சொல்லைப் பாருங்கள். நாள், நேரம் என்றால் முன்னிடைச்சொல்லுக்கு அடுத்து நிற்கும் சொல்லைப் பார்க்க வேண்டும். வினையோடு வருவது என்றால் முன்னிடைச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் அந்த வினையைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்குக் காசும் வேண்டாம், அகராதியும் வேண்டாம்.

அறிகுறி: நாள், நேரத்துக்கு முன்னால் எதைப் போடுவது என்று தெரியவில்லை

ஹோட்டலில் வேலை செய்கிற ஒரு தம்பி, விருந்தினருக்கு அனுப்ப எழுதிய செய்தியைக் காட்டினார்: 'வி வில் பிக் யூ அப் ஒன் டுமொரோ அட் மோர்னிங்'. இரண்டு முன்னிடைச்சொல், இரண்டுமே வேண்டாதவை. 'வி வில் பிக் யூ அப் டுமொரோ மோர்னிங்' என்பதோடு வேலை முடிந்தது.

*அடுத்த சொல் 'நெக்ஸ்ட்', 'லாஸ்ட்', 'திஸ்', 'எவ்ரி' என்றால்* முன்னிடைச்சொல் வரக் கூடாது. 'லாஸ்ட் மண்டே', 'நெக்ஸ்ட் வீக்', 'திஸ் ஈவினிங்', 'எவ்ரி டே'. 'ஒன் லாஸ்ட் மண்டே' என்று நம் ஊரில் எத்தனை கடிதங்கள் போகின்றனவோ! 'யெஸ்டர்டே', 'டுமொரோ', 'டுநைட்' ஆகியவற்றுக்கும் இதே விதிதான். பழைய கதை சொல்லும்போது, அதற்கு அடுத்து வந்த திங்கள் என்ற பொருளில் 'ஒன் த நெக்ஸ்ட் மண்டே' என்று வரலாம். நடுவில் 'த' நிற்பதைக் கவனியுங்கள். இன்றிலிருந்து எண்ணுகிற அடுத்த திங்களுக்கு 'த'வும் இல்லை, 'ஒன்'னும் இல்லை.

*வெறும் கிழமைப் பெயர் என்றால்* இரண்டும் சரி. 'ஐ வில் சீ யூ ஒன் மண்டே', 'ஐ வில் சீ யூ மண்டே'. பின்னது பேச்சிலும் வாட்ஸ்அப்பிலும் இயல்பு. அமெரிக்கர்கள் எழுத்திலும் தாராளமாக அப்படியே எழுதுவார்கள். பரீட்சைத் தாளிலும் கந்தோர்க் கடிதத்திலும் 'ஒன்' போட்டு எழுதச் சொல்கிறேன். நம் நாட்டில் கற்பிப்பது பிரித்தானிய வழக்கு, திருத்துகிறவரும் அதையே எதிர்பார்ப்பார்.

*ஆண்டு, மாதம் என்றால்* 'இன்' கட்டாயம். வழிகாட்டி வேலைக்குப் பயிற்சி எடுத்த ஒரு பிள்ளை 'த போர்ச்சுகீஸ் பில்ட் த ஃபோர்ட் ஒன் 1624' என்று எழுதியிருந்தாள். திருகோணமலைக் கோட்டை கட்டிய ஆண்டு சரி, 'ஒன்' பிழை. 'இன் 1624' என்றே வர வேண்டும், பேச்சிலும் அதை விட முடியாது. திகதி முழுவதாக வந்தால் மட்டும் 'ஒன்'.

*காலை, மாலை, இரவு தனியாக வந்தால்* 'இன் த மோர்னிங்', 'இன் த ஈவினிங்', 'அட் நைட்'. இவை மாறாது. முன்னால் கிழமை ஒட்டிக்கொண்டால் 'ஒன் மண்டே மோர்னிங்' ஆகும். அங்கே 'ஒன்' மறுபடியும் விடக்கூடியது.

*நேரம் கேட்கும்போது* 'வட் டைம் டஸ் த டிரெய்ன் லீவ்?' போதும். 'அட் வட் டைம்' பிழையில்லை, கொஞ்சம் விறைப்பாக ஒலிக்கும். பதில் சொல்லும்போது 'அட்' வேண்டும்: 'இட் லீவ்ஸ் அட் செவன்'. 'எபவுட்' சேர்ந்தால் மறுபடியும் தளர்வு கிடைக்கும்: 'அட் எபவுட் செவன்', 'எபவுட் செவன்' இரண்டும் சரி.

*கடைசி நாள் குறிக்கும்போது* கவனம் வேண்டும். இதை வெறும் பாணி என்று நினைக்கக் கூடாது, இங்கே பொருளே மாறும். திங்களன்று என்றால் 'ஒன் மண்டே', அதை விடலாம். திங்களுக்குள் என்றால் 'பை மண்டே', திங்கள் வரை என்றால் 'அன்டில் மண்டே'. இவை இரண்டையும் விடவே முடியாது, மாற்றிப் போடவும் முடியாது. ஓர் அக்கா, வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு 'ஐ வில் ஸ்டே பை ஜூன்' என்று எழுதிவிட்டார். ஜூன் வரை இருப்பேன் என்று சொல்ல நினைத்தவர். வீட்டுச் சொந்தக்காரருக்கு எதுவும் விளங்காமல், இரண்டு நாள் தொலைபேசியில் கதைத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று.

கடைப் பலகையில் 'ஓப்பன் ஃபுரொம் மண்டே டு ஃபிரைடே' என்றாலும் 'ஓப்பன் மண்டே டு ஃபிரைடே' என்றாலும் ஒன்றுதான். 'பிட்வீன்' போட்டால் நடுவில் 'டு' வராது, 'அன்ட்' வர வேண்டும்: 'பிட்வீன் நைன் அன்ட் ஃபைவ்'.

அறிகுறி: எவ்வளவு நேரம், எத்தனை நாள் என்று சொல்லும்போது 'ஃபோர்' குழப்புகிறது

இந்த இடத்தில் நானே ஒரு பிள்ளைக்கு அநியாயம் செய்திருக்கிறேன். 'மை அங்கிள் ஸ்டேய்ட் திரீ டேய்ஸ்' என்று எழுதியிருந்தவனுக்கு நடுவில் 'ஃபோர்' எழுதி ஒரு புள்ளியும் வெட்டினேன். சில மாதங்கள் கழித்து அகராதியில் வேறெதையோ தேடும்போது அதே அமைப்பு கண்ணில் பட்டது. அவனைக் கூப்பிட்டு, "நீ எழுதினது சரி, தம்பி" என்று சொல்லிப் புள்ளியைத் திருப்பிப் போட்டேன். அன்றிலிருந்து அழிக்கும் முன் அகராதி பார்க்கிறேன்.

வினையைப் பாருங்கள். 'ஸ்டே', 'வெய்ட்', 'லிவ்', 'லாஸ்ட்' போன்று ஒரு நிலை நீடிப்பதைச் சொல்லும் வினை என்றால் 'ஃபோர்' விடலாம். கொழும்பு இரவு ரயில் பிந்தினால் 'வி வெய்ட்டட் டூ அவர்ஸ்' என்றும் சொல்லலாம், 'வி வெய்ட்டட் ஃபோர் டூ அவர்ஸ்' என்றும் சொல்லலாம். மற்ற வினைகள் பலவற்றோடு விட்டால் நொண்டும். 'இட் ரெய்ன்ட் ஃபோர் டூ அவர்ஸ்' என்றே எழுதுங்கள்.

எந்த வினையோடும் விட முடியாத இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, வாக்கியத்தின் தொடக்கம்: 'ஃபோர் டூ அவர்ஸ் வி வெய்ட்டட்'. மற்றது, இல்லை என்று சொல்லும் வாக்கியம்: 'ஐ ஹேவன்ட் சீன் ஹிம் ஃபோர் டூ இயர்ஸ்'.

'ஃபோர்' வரவே கூடாத இடங்களும் உண்டு. 'டேக்', 'ஸ்பென்ட்' ஆகிய வினைகளுக்குப் பின்னால் கால அளவு நேரே வரும். 'த ஜேர்னி டுக் ஃபோர் செவன் அவர்ஸ்' பிழை, 'டுக் செவன் அவர்ஸ்' சரி. 'ஆல் டே', 'ஆல் நைட்' என்பவற்றுக்கு முன்னும் 'ஃபோர்' வேண்டாம்.

இதன் பக்கத்திலேயே இன்னொரு பிழை குடியிருக்கிறது. '2019இலிருந்து வேலை செய்கிறேன்' என்பதை 'ஐ ஆம் வேர்க்கிங் ஹியர் ஃபுரொம் 2019' என்று எழுதுகிறார்கள். தொடங்கிய புள்ளியைச் சொல்லி, இன்னும் தொடர்கிறது என்றால் 'சின்ஸ்' வேண்டும், வினையும் மாற வேண்டும்: 'ஐ ஹேவ் வேர்க்ட் ஹியர் சின்ஸ் 2019'. சுயவிவரக் கோவையில் இந்த ஒரு வரியைத் திருத்தினால் முழுத் தாளும் நிமிர்ந்து நிற்கும்.

அறிகுறி: 'கோ டு ஹோம்', 'கம் டு ஹியர்', 'வென்ட் டு எப்ரோட்'

காரணம் நம் '-க்கு'. வீட்டுக்கு, இங்கே, வெளிநாட்டுக்கு. 'ஹோம்', 'ஹியர்', 'தெயர்', 'எப்ரோட்', 'அப்ஸ்டெயர்ஸ்', 'டவுன்ஸ்டெயர்ஸ்' ஆகிய சொற்களுக்குள்ளேயே அந்தத் திசை அடங்கியிருக்கிறது. 'கோ ஹோம்', 'கம் ஹியர்', 'வென்ட் எப்ரோட்' என்று விட்டுவிடுங்கள்.

விழுந்துபோவது 'டு' மட்டும்தான். 'ஃபுரொம்' தேவைப்பட்டால் தங்கும்: 'ஹி கேம் ஃபுரொம் எப்ரோட்'. 'ஹோம்' என்பதற்கு முன்னால் யாருடைய வீடு என்று வந்துவிட்டால் 'டு' திரும்பி வரும்: 'ஐ வென்ட் டு மை கிராண்ட்மதர்ஸ் ஹோம்'. வீட்டிலேயே இருப்பதற்கு 'ஸ்டே ஹோம்', 'ஸ்டே அட் ஹோம்' இரண்டும் சரி.

'ஸ்கூல்', 'டவுன்', 'வேர்க்', 'பெட்' ஆகியவை இந்தக் கூட்டத்தில் சேராது. 'கோ டு ஸ்கூல்', 'கோ டு டவுன்' என்று 'டு' கட்டாயம். இவற்றை 'ஹோம்' போல நினைத்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

போய்ச் சேர்வதைச் சொல்லும் மூன்று வினைகளையும் ஒரே நாளில் படியுங்கள், தனித்தனியாகப் படித்தால் மறக்கும். 'ரீச்' எதையும் ஏற்காது: 'வி ரீச்ட் டிரிங்கோ'. 'அரைவ்' என்றால் ஊருக்கு 'இன்', நிலையத்துக்கு 'அட்'. 'கெட்' என்றால் 'டு'. ஆனால் 'ஹோம்' வந்தால் மூன்றும் வெறுமையாக நிற்கும்: 'ரீச்ட் ஹோம்', 'அரைவ்ட் ஹோம்', 'கொட் ஹோம்'.

அறிகுறி: வழி சொல்லும்போது 'நியர்', 'ஒப்பசிட்', 'நெக்ஸ்ட்' உதைக்கிறது

சுற்றுலாப் பயணி வீதியில் நிறுத்திக் கேட்கிறார். பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் பக்கத்தில் என்று சொல்ல வேண்டும். 'நியர் த டெம்பிள்' என்றால் முடிந்தது. 'நியர் டு' சில இடங்களில் ஏற்கப்படும், ஆனால் வழி சொல்ல அது தேவையில்லை. 'குளோஸ்' என்று தொடங்கினால் 'டு' கட்டாயம். 'நெக்ஸ்ட்' என்றாலும் கட்டாயம். 'ஒப்பசிட் த பேங்க்' என்றே சொல்லலாம், 'டு' சேர்த்தாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். கோணேசர் கோவில் கோட்டைக்குள் இருக்கிறது என்பதற்கு 'இன்சைட் த ஃபோர்ட்'. 'இன்சைட் ஒவ்', 'அவுட்சைட் ஒவ்' என்பவை அமெரிக்கப் பேச்சில் அதிகம் கேட்கும், எழுத்தில் 'ஒவ்' இல்லாமலே எழுதுங்கள்.

அறிகுறி: வினைக்குப் பின்னால் ஒரு சொல் கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது

எல்லாவற்றிலும் பெரியது இதுதான். விண்ணப்பம், விடுமுறைக் கடிதம், கூட்ட அறிக்கை எல்லாவற்றிலும் வரும். 'வி டிஸ்கஸ்ட் எபவுட் த பிரொப்ளம்'. தமிழில் 'பற்றி' இல்லாமல் கலந்துரையாட முடியாது, அதனால் 'எபவுட்' தானாக வந்து உட்காருகிறது. ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' தன் பொருளை நேரே பிடித்துக்கொள்ளும்: 'வி டிஸ்கஸ்ட் த பிரொப்ளம்'.

இதே குணமுள்ள வினைகள், நம் கொப்பிகளில் அடிக்கடி அகப்படுபவை: வீட்டுக்குள் நுழைய 'என்டர்' மட்டும், 'இன்டு' வேண்டாம். திருமணம் செய்ய 'மேரி' மட்டும், 'வித்' வேண்டாம். தொடர்புகொள்ள 'கொன்டாக்ட் மீ', தொலைபேசியில் அழைக்க 'கோல் மீ', சொல்ல 'டெல் மீ', அறிவிக்க 'இன்ஃபோர்ம் மீ'. கூட்டத்துக்குப் போக 'அட்டென்ட் த மீட்டிங்'. கேள்விக்குப் பதில் சொல்ல 'ஆன்சர் த குவெஸ்ச்சன்'. வலியுறுத்த 'எம்பசைஸ்', பின்னால் 'ஒன்' இல்லை. 'கொம்பிரைஸ்' என்பதற்கு 'ஒவ்' இல்லை, 'கொன்சிஸ்ட்' என்பதற்கு 'ஒவ்' உண்டு.

இதில் பிள்ளைகள் சோர்ந்துபோகிற ஒரு புள்ளி இருக்கிறது, அங்கே நின்று விளக்குவது அவசியம். அதே சொல் பெயராக வரும்போது முன்னிடைச்சொல் வேண்டும். 'வி டிஸ்கஸ்ட் த பிரொப்ளம்', ஆனால் 'வி ஹேட் எ டிஸ்கஷன் எபவுட் த பிரொப்ளம்'. 'ஐ விசிட்டட் கன்னியா', ஆனால் 'மை விசிட் டு கன்னியா'. 'ஆன்சர் த குவெஸ்ச்சன்', ஆனால் 'த ஆன்சர் டு த குவெஸ்ச்சன்'. 'ஐ ரிக்வெஸ்ட் லீவ்', ஆனால் 'மை ரிக்வெஸ்ட் ஃபோர் லீவ்'. 'எம்பசைஸ்' வெறுமையாக, 'எம்பசிஸ் ஒன்' கூட்டாக. நாம் கேட்டுப் பழகியது பெயரோடு வருவதை. அதை வினைக்கும் ஒட்டிவிடுகிறோம். பிழைக்குக் காரணம் அறியாமை இல்லை, பாதி நினைவு.

சோதனை எளிது. சந்தேகமான சொல்லுக்கு முன்னால் 'எ', 'த', 'மை', 'அவர்' நிற்கிறதா? நின்றால் பெயர், முன்னிடைச்சொல் வேண்டும். 'ஐ', 'வி', 'தே' நேரே நின்றால் வினை, மேலே சொன்ன பட்டியலைப் பாருங்கள்.

பிழைபோலத் தோன்றினாலும் சரியாக நிற்கும் சில உண்டு. 'என்டர் இன்டு' என்பது ஒப்பந்தத்தில் ஈடுபடுவதற்குச் சரி, வீட்டுக்குள் போகத்தான் பிழை. 'அட்டென்ட் டு எ பேஷன்ட்' என்றால் நோயாளியைக் கவனிப்பது. 'ஆன்சர் டு' என்றால் ஒருவருக்குப் பொறுப்புச் சொல்லக் கடமைப்பட்டிருப்பது. தாதியாக வேலை செய்கிற ஒருவரின் கடிதத்தில் 'அட்டென்ட் டு' கண்டால் உடனே வெட்டாதீர்கள்.

அறிகுறி: தேவையான சொல் காணாமல் போய்விட்டது

மேலே உள்ளதற்கு நேர் எதிர். 'பாட்டைக் கேட்டேன்', 'பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்' என்று தமிழில் '-ஐ' வருகிற இடங்களில் ஆங்கிலத்திலும் ஒன்றும் வேண்டாம் என்று நினைத்துவிடுகிறோம். 'லிசன்' என்றால் 'டு' வேண்டும், 'வெய்ட்' என்றால் 'ஃபோர்', 'லுக்' என்றால் 'அட்', 'ரிப்ளை' என்றால் 'டு', 'டிபென்ட்' என்றால் 'ஒன்'. சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தால் 'பே ஃபோர் த மீல்', பில்லைக் கட்டினால் 'பே த பில்'. காத்திருப்பதில் இரண்டு 'ஃபோர்' உண்டு என்பதையும் பாருங்கள். 'வெய்ட் ஃபோர் த பஸ்' விட முடியாதது, 'வெய்ட் ஃபோர் டூ அவர்ஸ்' விடக்கூடியது.

'எக்ஸ்பிளெய்ன் மீ த பிரொப்ளம்' எங்கும் கேட்கிறது. 'எக்ஸ்பிளெய்ன்', 'டிஸ்கிரைப்', 'சஜெஸ்ட்', 'சே' ஆகியவை ஆளை நேரே ஏற்காது: 'எக்ஸ்பிளெய்ன் த பிரொப்ளம் டு மீ'. 'கிவ்', 'சென்ட்', 'லென்ட்', 'ஷோ' இரண்டு விதமாகவும் வரும், ஒழுங்கு மட்டும் மாறும். ஆள் முதலில் வந்தால் 'டு' இல்லை: 'கிவ் மீ த கீ'. பொருள் முதலில் வந்தால் 'டு' உண்டு: 'கிவ் த கீ டு மீ'. 'கிவ் டு மீ த கீ' என்று நடுவில் நிறுத்தாதீர்கள். அமெரிக்கர் 'ரைட் மீ' என்பார், பிரித்தானியர் 'ரைட் டு மீ' என்பார். இரண்டாவதை வைத்துக்கொண்டால் எங்கும் பிழையில்லை.

*கடைசியில் நிற்க வேண்டியது விழுந்துவிட்டதா* என்றும் பாருங்கள். உட்கார ஒரு கதிரை என்றால் 'எ செயர் டு சிட் ஒன்'. எழுதப் பேனை என்றால் 'எ பென் டு ரைட் வித்'. நான் தங்கிய ஹோட்டல் என்றால் 'த ஹோட்டல் ஐ ஸ்டேய்ட் அட்'. தமிழில் இந்த வாலுக்கு நிகர் கிடையாது, அதனால் விட்டுப்போகிறது. வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 'ஐ ஸ்டேய்ட் த ஹோட்டல்' நிற்கவில்லை அல்லவா? அங்கே தேவைப்பட்ட 'அட்' இங்கே வாலில் தேவை. ஒரு விலக்கு உண்டு. 'பிளேஸ்' என்ற சொல்லோடு வாலை விடலாம்: 'எ பிளேஸ் டு லிவ்'. 'ஹவுஸ்' என்றால் 'டு லிவ் இன்' வேண்டும். கேள்வியில், 'வெயர் ஆர் யூ கோயிங்?' என்பதன் வாலில் 'டு' இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. 'வெயர் ஆர் யூ ஃபுரொம்?' என்பதில் விடவே முடியாது, விட்டால் ஆள் எங்கே நிற்கிறார் என்று கேட்டதாகிவிடும்.

அறிகுறி: இரண்டும் சரிபோல இருக்கிறது, ஆனால் எதிரில் இருப்பவர் வேறு மாதிரி விளங்கிக்கொள்கிறார்

முன்னிடைச்சொல்லை எடுத்ததும் பொருள் மாறிவிட்டது. 'தே சேர்ச்ட் ஃபோர் த பேக்' என்றால் பையைத் தேடினார்கள். 'தே சேர்ச்ட் த பேக்' என்றால் பைக்குள் எதையோ தேடினார்கள். சோதனைச் சாவடிகளைக் கடந்து வளர்ந்த எங்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. 'ஐ பிலீவ் ஹிம்' என்றால் அவர் சொன்னதை நம்புகிறேன். 'ஐ பிலீவ் இன் ஹிம்' என்றால் அவர்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறேன். 'ஐ நோ ஹிம்' பழக்கம், 'ஐ நோ ஒவ் ஹிம்' கேள்விப்பட்டது மட்டும்.

இங்கே 'விடலாமா' என்ற கேள்வியே பொருந்தாது. என்ன சொல்ல வந்தீர்கள் என்று தமிழில் ஒரு தடவை முழுதாகச் சொல்லிப் பார்த்துவிட்டு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி: 'ஆல்', 'போத்', 'ஹாஃப்' பக்கத்தில் 'ஒவ்'

அடுத்த சொல்லைப் பாருங்கள். 'த', 'மை', 'தீஸ்' என்றால் விருப்பம்போல்: 'ஆல் த ரூம்ஸ்', 'ஆல் ஒவ் த ரூம்ஸ்'. 'அஸ்', 'தெம்', 'இட்' என்றால் 'ஒவ்' கட்டாயம்: 'போத் ஒவ் தெம்'. வெறும் பெயர் என்றால் 'ஒவ்' கூடாது: எல்லாப் பிள்ளைகளும் என்பதற்கு 'ஆல் சில்ட்ரன்'. 'சம்', 'மெனி', 'மோஸ்ட்' என்பவற்றில் இந்தத் தளர்வு கிடையாது. 'த' வந்தால் 'ஒவ்' வேண்டும்: 'மோஸ்ட் ஒவ் த ரூம்ஸ்'. 'டெஸ்பைட் ஒவ்' எப்போதும் பிழை. 'இன் ஸ்பைட் ஒவ்' என்பதோடு கலந்து வந்தது அது.

அறிகுறி: 'இங்' வினைக்கு முன்னால் அல்லது 'தட்' தொடருக்கு முன்னால் தடுமாற்றம்

'பிசி', 'ஸ்பென்ட் டைம்', 'ஹேவ் டிஃபிகல்ட்டி', 'நோ பொயின்ட்' ஆகியவற்றுக்குப் பின்னால் 'இன்' விடலாம்: 'ஐ ஹேட் டிஃபிகல்ட்டி ஃபைன்டிங் த ரூம்'. இன்றைக்குப் பெரும்பாலும் விட்டே எழுதுகிறார்கள். 'இன்டரெஸ்டட்', 'சக்சீட்' ஆகியவற்றுக்குப் பின்னால் 'இன்' விட முடியாது. ஒருவரைத் தடுப்பதற்கு 'ஸ்டொப் ஹிம் கோயிங்', 'ஸ்டொப் ஹிம் ஃபுரொம் கோயிங்' இரண்டும் பிரித்தானிய வழக்கில் சரி. அமெரிக்கருக்கு எழுதும்போது 'ஃபுரொம்' போடுங்கள்.

ஒரு முழுத் தொடரைத் தொடங்கும் 'தட்' வந்தால் முன்னிடைச்சொல் விழுந்துவிடும். 'ஐ வோஸ் சர்பிரைஸ்ட் அட் த நியூஸ்' சரி, 'சர்பிரைஸ்ட் அட் தட் ஹி கேம்' பிழை, 'சர்பிரைஸ்ட் தட் ஹி கேம்' சரி. 'ஹவ்', 'வட்', 'வெயர்' வந்தால் பெரும்பாலும் இரண்டும் நடக்கும். பேச்சில் 'இட் டிபென்ட்ஸ் ஹவ் ஃபார் இட் இஸ்', எழுத்தில் 'ஒன்' சேர்த்து.

அறிகுறி: ஆசிரியர் ஒன்று சொல்கிறார், கைப்பேசிச் செயலி வேறொன்று சொல்கிறது

பல சமயம் இருவருமே சரி. செயலி அமெரிக்க வழக்கில் அமைக்கப்பட்டிருக்கலாம். 'புரொட்டெஸ்ட் த டிசிஷன்' அமெரிக்காவில் இயல்பு, பிரித்தானிய வழக்கில் 'எகெய்ன்ஸ்ட்' நடுவில் வரும். முதலில் செயலியின் மொழித் தெரிவைப் பாருங்கள். அப்புறம் கற்போருக்கான அகராதி ஒன்றில் அந்த வினையைப் பாருங்கள். விடக்கூடிய முன்னிடைச்சொல்லை அவை அடைப்புக்குறிக்குள் காட்டும். அடைப்புக்குறி இல்லாமல் நின்றால் கட்டாயம். வினைக்குப் பின்னால் நேரே பொருள் நின்றால் முன்னிடைச்சொல் கிடையாது.

பரீட்சைத் தாளில் சரியான விடைக்குப் புள்ளி வெட்டப்பட்டிருந்தால் பிள்ளையிடம் முதலில் "நீ எழுதினது சரி" என்று சொல்லுங்கள். ஆசிரியரிடம் அகராதிப் பக்கத்தோடு போய் மரியாதையாகக் கேட்கலாம். பிள்ளை தன் காதை நம்பாமல் போவது ஒரு புள்ளி போவதைவிடப் பெரிய இழப்பு.

இவ்வளவும் பார்த்தும் தீரவில்லை என்றால்

செலவில்லாததிலிருந்து போங்கள். வாக்கியத்தை வேறு மாதிரி எழுதினால் கேள்வியே எழாமல் போகுமா? பாதித் தடவை அந்தக் கேள்வி போய்விடும். 'டிஸ்கஸ்' குழப்பினால் 'டோக் எபவுட்' போடுங்கள். நண்பருக்கும் வாட்ஸ்அப்புக்கும் இதோடு நிறுத்தலாம், அங்கே ஒரு 'ஒன்' கூடினாலும் குறைந்தாலும் விளங்கும்.

வேலை விண்ணப்பம், கந்தோர்க் கடிதம் என்றால் நன்றாக ஆங்கிலம் எழுதுகிற ஒருவரிடம் ஒரு தடவை காட்டுங்கள். ஹோட்டல் பெயர்ப் பலகை, அச்சடிக்கும் துண்டுப்பிரசுரம் என்றால் இரண்டு பேரிடம் காட்டுங்கள். மே மாதம் சுற்றுலாப் பருவம் தொடங்கியபின் பலகையை மறுபடி எழுதுவித்த ஒருவரை எனக்குத் தெரியும், ஒரு 'டு' காரணமாக.

வாடகை ஒப்பந்தம், வீசா ஆவணம், பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பு என்றால் என்னைப் போன்ற டியூசன் ரீச்சரிடம் வராதீர்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போங்கள், ஒப்பந்தத்தை ஒரு சட்டத்தரணியிடமும் காட்டுங்கள். 'பை', 'அன்டில்', 'வித்தின்' ஆகிய மூன்றும் அங்கே காசைக் குறிக்கும் சொற்கள். கையெழுத்துப் போடப்போகும் தாளில் சந்தேகமான ஒன்றைக் கண்டால் நீங்களாகத் திருத்த வேண்டாம். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு, தாளை அப்படியே கொண்டுபோங்கள்.